சூளைக்காரன் பெயர்

பரிசோதனைக்கூடத்தில் ஏசி பழுதான வாரம்.
உப்பாற்றில் தோண்டிய பதினெட்டு மீற்றர் மண்ணை
மரப்பெட்டிகளில் நீளமாய்ப் படுக்கவைத்துவிட்டு
லியாங் தன் ஊரைப் பற்றிச் சொன்னார்.

பெயரை மூன்று தரம் சொன்னார்.
மூன்று தரமும் என் வாயில் அது
வேறு வேறு ஊராகிப் போனது.
சிரித்தார். விட்டுவிட்டோம்.

ஆற்றங்கரை. சுற்றி மதில். மதிலைச் சுற்றி அகழி.
குதிரைப்படை வந்து ஐந்து வருஷம்
வெளியே குந்தியிருந்ததாம்.
உள்ளே உப்பு முடிந்தது, விறகு முடிந்தது,
துணியும் முடிந்தபோது
காகிதத்தைத் தைத்து உடுத்தார்களாம்.
மழை பெய்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.
அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றார்.

குதிரை போய்விடும். ஆறுதான் போகாது.
கரை புரளும் நாளில்
வாசற்கல்லில் வெட்டிய தவாளிப்பில்
பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாய் இறக்கி
இடுக்கெல்லாம் களிமண் அப்பி
ஊரைச் சட்டி ஆக்கிவிடுவார்கள்:
தண்ணீர் வெளியே நிற்கிற சட்டி.

செங்கல் ஒவ்வொன்றிலும் எழுத்து.
சுட்டவன், மண் குழைத்தவன்,
மேற்பார்த்த அதிகாரி, கிராமம், வருஷம்.
பெருமைக்கா?
இல்லை. கல் நொறுங்கினால்
எந்தத் தலையை வெட்டுவது என்று
தெரிய வேண்டாமா?

ஞாயிற்றுக்கிழமை கோட்டைக்குக் கூட்டிப்போனேன்.
வாசலில் அவருடைய பாஸ்போட், என் அடையாள அட்டை.
காவலுக்கு நின்ற பையன்
என் பெயரைக் கொப்பியில் ஓரெழுத்துக் குறைத்து எழுதினான்.
நிலைக்கல்லில் இரண்டு மீன்கள்.
லியாங் விரலால் தடவிப் பார்த்தார்.
"வாசலுக்கென்று வெட்டின கல் இல்லையே இது."
கல் படித்தவரிடம் எதை மறைப்பது?
கோயிற்கல் என்றேன்.
பறங்கியர் மலையுச்சியில் உடைத்தார்கள்,
கடலுக்குள் கொஞ்சம், மதிலுக்குக் கொஞ்சம்.
பிறகு ஒல்லாந்தர். பிறகு இங்கிலீசுக்காரர்.
இப்போது,
என்று தொடங்கி நிறுத்தினேன்.
மான் ஒன்று பொலித்தீன் பையை
மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தது.

"உடைத்தவன், சுமந்தவன், அடுக்கியவன்,
ஒருவன் பெயரும் இல்லையே.
எந்தத் தலையை வெட்டுவீர்கள்?"
பகிடியாகத்தான் கேட்டார்.

திரும்பும் வழியில், ஓட்டோச் சத்தத்துக்குள்,
கேட்காமலே சொன்னார்:
ஒரு வருஷம் பலகை இறக்கும்போது
வெளியே வத்தகப்பழம் விற்கிற ஆட்கள் நின்றார்களாம்.
ஒன்பதாம் பலகையைப் பிடித்திருந்தவர் அவருடைய தகப்பன்.
மதிலிலிருந்து கயிறு போட்டார்கள்.
ஏறியவர் பதினொரு பேர்.
இறக்கும் முன் தகப்பன் எண்ணியது பதினான்கு.
அந்தப் பலகையில்
யாருடைய பெயரும் வெட்டியிருக்கவில்லை.

கிண்ணியாவுக்கு மதில் இல்லை.
அடைக்க வாசலும் இல்லை, தவாளிப்பும் இல்லை.
கடல் ஆஸ்பத்திரிக்குள் நடந்து வந்த காலையில்
மதினி பிள்ளை பெற்று இரண்டாம் நாள்.
இதை நான் அவருக்குச் சொல்லவில்லை.
பதினான்கு என்ற எண்ணுக்குப் பக்கத்தில்
என் எண்ணைக் கொண்டுபோய் வைக்க
மனம் வரவில்லை.

திங்கட்கிழமை முதலாம் பெட்டி.
கறுத்த சேற்றுக்கு நடுவே
வெள்ளையாய் ஒரு கோடு, ஏழு சென்ரிமீற்றர்.
லியாங் குனிந்தார்.
"கடல் மணல். இவ்வளவு உள்ளே எப்படி?"
பிறகு என் முகத்தைப் பார்த்தார்.
பிறகு எதுவும் கேட்கவில்லை.

படிவத்தில் ஆழம் எழுதினேன், நிறம் எழுதினேன்,
சிப்பித் துண்டுகள் உண்டு என்று எழுதினேன்.
காரணம் என்ற கட்டம் அதில் கிடையாது.
கடைசி வரியில்,
சோதித்தவர் பெயர்.
வழமையாய் ஒரு கிறுக்கல் போதும்.
அன்று பேனையை அழுத்தி
ஓரெழுத்தும் குறையாமல் எழுதினேன்:
முகம்மது ஹனீபா சுஹைரா, கிண்ணியா.

பாலம் இறங்கினால் என்னிடம் வரலாம்.